முத்திரை பரிசோதனைக் குழு

தேசிய சூரியக்கல ஆய்வுச் சபை வெள்ளவத்தையில், கடலிலிருந்து முந்நூறு அடி தூரத்தில் இருந்தது. ஈரமும் உப்புக் காற்றும் பட்டால் செத்துப்போகிற ஒரு பொருளை நீண்ட நாள் உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று ஆராய்வதற்கு அந்த இடத்தைத்தான் தெரிவு செய்திருந்தார்கள். தெரிவுக் குழுவின் அறிக்கையில் ‘நல்ல காற்றோட்டம்’ என்று காரணம் எழுதப்பட்டிருந்தது.

பொருளின் பெயர் சேதனச் சூரியக்கலம். பிளாஸ்டிக்கைப் போன்ற ஒன்றை மையாகக் கரைத்துக் கண்ணாடியில் மெல்லிசாகப் பூசி, அதன்மேல் உலோகத்தைப் படியவிட்டுச் செய்வது. மலிவு, இலேசு. ஆனால் காற்றும் ஈரமும் உள்ளே போனால் நிறம் வெளிறி, உலோகம் அரித்து, சில நாட்களில் கதை முடிந்துவிடும். தருகிற மின்சாரம் முதல்நாள் அளவில் எண்பது வீதத்துக்குக் கீழே இறங்கினால் கலம் செத்ததாகக் கணக்கு. 2008ஆம் ஆண்டு பிறந்தபோது சபையின் கலங்கள் பதினொரு நாள் வாழ்ந்துகொண்டிருந்தன.

அவற்றைச் செய்தவள் மெற்றில்டா. கொட்டாஞ்சேனைக்காரி, நாற்பது வயது. பதவி தொழில்நுட்ப உதவியாளர், தற்காலிகம். அந்தத் தற்காலிகம் தொடங்கிப் பதினொரு வருடமாகியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவளுக்கு ஒரு நீடிப்புக் கடிதம் வரும். கண்ணாடியை வெட்டிக் கழுவுவது, மை பூசுவது, மேலே இன்னொரு கண்ணாடியை வைத்து ஓரங்களைப் பசையால் அடைப்பது எல்லாம் அவள் கைவேலை. அடைத்த கலத்தை மொட்டைமாடியில் வெயிலுக்கு வைத்து, வெயில் பட்ட மணித்தியாலங்களையும் கலம் தருகிற மின்சாரத்தையும் காட்டும் சிறிய மீற்றர் ஒன்றை வயரால் பொருத்திவிட்டு இறங்குவாள். அதற்குப் பிறகு கலம் சபையின் பொறுப்பு.

காலை ஒன்பது மணிக்கு முத்திரை பரிசோதனைக் குழு மாடிக்கு வரும். மூன்று பேர். காற்று உள்ளே போகாதபடி கலம் நன்றாக அடைபட்டிருக்கிறதா என்று உறுதிசெய்வது அவர்களுடைய கடமை. சுற்றறிக்கை இலக்கம் பதினான்கின்படி, ஓரத்து அடைப்பை மெல்லிய கத்தியால் கிளப்பி, உள்ளே காற்றுப் போகவில்லை என்பதைக் கண்ணால் பார்த்து, மூவரும் கையெழுத்திட்டு, பசை பூசி மறுபடி மூடவேண்டும். மழை பெய்தால் ஒருவர் குடை பிடிப்பார்.

கலம் செத்ததும் விசாரணை நடக்கும். முத்திரை ஒவ்வொரு நாளும் முறைப்படி உடைக்கப்பட்டிருப்பதால் பிழை முத்திரையில் இல்லை என்று விசாரணை முடிவு சொல்லும். அப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் கலங்கள் போயின.

மெற்றில்டா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் உறுதிப்பாட்டுப் பிரிவின் தலைவர் கலாநிதி சுந்தரலிங்கத்திடம் போனாள். அவருக்கு வெள்ளவத்தையிலேயே அடுத்த ஒழுங்கையில் வீடு. பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. கலத்தைத் திறக்காமல் விட்டால் கூடக் காலம் நிற்கும் என்று அவள் சொன்னதை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“திறக்காமல் விட்டால், அது மூடியிருக்கெண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும், பிள்ளை?” என்றார்.

ஆனாலும் அவர் கருத்துகளை மதிப்பவர். திறப்புகளைக் குறைப்பதற்கு ஓர் உபகுழு அமைத்தார். காலைத் திறப்பால் எவ்வளவு கேடு வருகிறது என்று அளப்பதற்காக அந்த உபகுழு தினமும் மத்தியானம் கலத்தைத் திறந்தது. ஆயுள் எட்டு நாளாகியது.

மாசியில் நகரத்தில் ஒரு குண்டு வெடித்தது. படையிலிருந்து ஓய்வு பெற்று வந்திருந்த சபையின் பாதுகாப்பு அதிகாரி மறுநாளே ஓர் அறிவித்தல் ஒட்டினார்: வயர் இணைத்த எந்தப் பொருளும் கட்டடத்துக்குள் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மூடியபடி இருக்கக்கூடாது. ஆகவே மாலை ஐந்து மணிக்கு அவரும் வந்து திறந்தார். ஆயுள் ஐந்து நாளாகியது. ஆண்டறிக்கை எழுதும்போது சுந்தரலிங்கம் நாட்களை விட்டுவிட்டுத் திறப்புகளை எண்ணினார். எமது கலங்கள் பதினைந்து திறப்புகளைத் தாங்குகின்றன, உலகில் இதற்கு ஒப்பான தரவு எங்கும் இல்லை என்று எழுதினார். அது உண்மையும்கூட.

அந்த அறிக்கையைப் படித்துப் பூரித்துப்போன பணிப்பாளர், ஆனி மாதத்தில் அமைச்சரை அழைத்து, ஐந்நூறு மணித்தியாலம் நிலைத்து நின்ற உள்ளூர்க் கலத்தைக் காட்டப்போவதாகப் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார்.

அதற்குள் பதினான்கு கலங்கள் போயிருந்தன. மெற்றில்டா பங்குனியில் பதினைந்தாவதைச் செய்தாள். ஓரத்துப் பசையை ஒரு விரல் அகலத்துக்கு இழுத்தாள். மூடுகிற கண்ணாடியை முதலில் அடுப்பில் காயவைத்தாள். வெற்றிலைக் கடையில் வாங்கிய சுண்ணாம்பை ஆய்வுகூட உலையில் ஈரம் முழுவதும் போகச் சுட்டு, அந்த வெள்ளைத் தூளை இரண்டு கண்ணாடிக்கும் நடுவே விளிம்போரமாக ஒரு கோடாக இட்டாள். எங்கிருந்தாவது ஈரம் கசிந்தாலும் சுண்ணாம்பு குடித்துவிடும். பிறகு சபையின் கலப் பதிவேடான றெஜிஸ்ரரை எடுத்து, கலம் இலக்கம் பதினைந்து, செய்த அன்றே செத்துவிட்டது என்று எழுதிக் குழுவின் முன் வைத்தாள். மூவரும் கையெழுத்திட்டார்கள். செத்த கலத்தைத் திறப்பதற்கு விதி இல்லை.

அதைப் பழைய சேலைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு மட்டக்குளி பஸ்ஸில் ஏறினாள். பாதி வழியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்தார்கள். அவளுடைய அட்டையில் பெயரைப் பார்த்த சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னான். துணியை விரித்தான். ஊதாநிறக் கண்ணாடி, இரண்டு வயர்த் துண்டுகள், ஓரத்தில் வெள்ளைத் தூள்.

இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான். வெயிலில் கரண்ட் எடுக்கிற கண்ணாடி என்றாள். அந்தத் தூள்? சுண்ணாம்பு. அவன் கண்ணாடியைச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்த்தான். பெருவிரல் நகத்தை ஓரத்துப் பசையில் வைத்து, திறந்து காட்டு என்றான். திறந்தால் செத்துவிடும் என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் இரண்டடி விலகினார்கள். சிப்பாய் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு மேலதிகாரியைக் கூப்பிட்டான்.

அந்த நேரத்தில் யாரோ பெரிய மனிதர் ஒருவரின் வாகனத் தொடர் வந்தது. விசில் ஊதி, வீதியில் ஒருவரும் நிற்கக்கூடாது என்று எல்லோரையும் பஸ்ஸுக்குள் அடித்துத் துரத்தினார்கள். சிப்பாய் கண்ணாடியை அவள் கையில் திணித்து அவளையும் தள்ளினான். வீடு வரும்வரை மெற்றில்டா ஓரத்துப் பசையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கலத்தில் ஒரு மீற்றரைப் பொருத்தி, வீட்டுத் தகரக் கூரையில் சாய்த்துக் கட்டினாள். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அவள் கணவன் யேசுரட்ணத்துக்கு இது துளியும் பிடிக்கவில்லை. காலம் கெட்டுக் கிடக்கிறது, கூரையில் வயர் இழுத்து வைக்கிற காலமா இது என்றார். ஆனால் வேலைக்குப் போகுமுன் ஏணியில் ஏறி, காகம் எச்சம் போட்டிருந்தால் துடைத்துவிட்டுப் போனவரும் அவர்தான். நூறு மணித்தியாலம் போயிற்று. இருநூறு, முந்நூறு போயின. நானூற்றி எழுபத்தாறாவது மணித்தியாலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மின்சாரம் இன்னும் தொண்ணூற்றொரு வீதத்தில் நின்றது. அன்று பூசை முடிந்து வந்தபோது தெருவின் இரண்டு முனையும் அடைக்கப்பட்டிருந்தன. சுற்றிவளைப்பு.

கூரையில் ஏறிய பொலிஸ்காரர் ஏறிய வேகத்தில் இறங்கினார். அக்கம்பக்கத்து வீடுகளை எல்லாம் வெளியேற்றினார்கள். கலத்தையும் மீற்றரையும் நீளத் தடியால் இறக்கி, மணல் வாளியில் வைத்துக் கொண்டுபோனார்கள். பின்னால் மெற்றில்டாவை ஏற்றினார்கள். அவளுடைய குறிப்புப் புத்தகமும் போனது.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி கலத்தைத் தொடவே விடவில்லை. குண்டுப் பிரிவு வரும்வரை ஒருவரும் திறக்கக்கூடாது என்று, துணியில் கட்டி, சிவப்பு அரக்கு உருக்கி நான்கு பக்கமும் முத்திரை வைத்தார். புத்தகம் தமிழில் இருந்ததால், தமிழ் வாசிக்கத் தெரிந்த கான்ஸ்டபிள் ராசிக்கை அழைத்தார்கள். ராசிக் இரண்டு பக்கம் வாசித்தார். முகம் மாறியது. கதிரையை அவளுக்கு எதிரே இழுத்துப்போட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இதுல பதினாலு மௌத்து எழுதி ஈக்கிது. ஆரு அவங்க?”

கலங்கள் என்றாள். ஒவ்வொரு சாவுக்கும் நேரம் குறித்திருப்பது ஏன் என்றார். அதுதான் ஆராய்ச்சி என்றாள். ‘மூன்று பேர் கொண்ட குழு காலையில் வந்து உடைத்தது’ என்றால் யார் அந்த மூன்று பேர்? ‘ஈரக்காற்றின் தாக்குதல் ஓரத்திலிருந்து தொடங்குகிறது’ என்றால் எந்த ஓரம்? ‘பதினைந்தாவது ஒருவருக்கும் தெரியாமல் உயிரோடு இருக்கிறது’ என்றால் அது எங்கே ஒளிந்திருக்கிறது? மெற்றில்டா உண்மையைத்தான் சொன்னாள். ஒவ்வொன்றையும் ராசிக் சிங்களத்தில் பொறுப்பதிகாரிக்குச் சொல்லச் சொல்ல, அது இன்னும் மோசமாகக் கேட்டது. உன்னைத் தெரியுமென்று சபையிலிருந்து ஒரு கடிதம் வரட்டும், இல்லாவிட்டால் உன்னை மேலிடத்துக்கு அனுப்பவேண்டிவரும் என்றார் பொறுப்பதிகாரி. மேலிடத்துக்குப் போன தன் தெருக்காரர் இருவரை மெற்றில்டாவுக்குத் தெரியும். ஒருவர் எட்டு மாதம் கழித்து வந்தார். மற்றவர் வரவில்லை.

யேசுரட்ணம் வெள்ளவத்தைக்கு, சுந்தரலிங்கத்தின் வீட்டுக்கு ஓடினார். சுந்தரலிங்கம் மத்தியானச் சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். விசயத்தைக் கேட்டதும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

“தம்பி, விளங்கிக்கொள்ளும். அந்தக் கலம் எங்கட றெஜிஸ்ரரில பங்குனியிலேயே செத்திட்டுது. மூண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கினம். இப்ப அது ஓடுதெண்டு நான் கடிதம் தந்தால் அந்த மூண்டு கையெழுத்தும் பொய்யாப் போயிடும். ஒரு ஆளைக் காப்பாத்த மூண்டு கையெழுத்தைச் சாகடிக்கச் சொல்லுறீரோ?”

யேசுரட்ணம் அவள் பதினொரு வருடமாக அங்கே வேலை செய்கிறாள், அதை மட்டுமாவது எழுதித் தாருங்கள் என்று கெஞ்சினார்.

“அவ தற்காலிகம். தற்காலிகமான ஒரு ஆளைப் பற்றி நிரந்தரமா ஒண்டை எப்பிடி எழுதுறது? நான் இந்தக் கதிரையில பத்தொன்பது வருசம். மூண்டு பணிப்பாளர் மாறீட்டினம், எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. ஏன் சொல்லும் பார்ப்பம்? நான் ஒருநாளும் ஒண்டையும் உறுதிப்படுத்தினதில்லை. உறுதிப்பாடெண்டால் அதுதான்.”

யேசுரட்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எழும்பிப் போகும்போது, நானூற்றி எழுபத்தாறு மணித்தியாலம் ஓடிய சாமான், அதைப் பார்த்துப் பார்த்து வளர்த்தவளை உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொன்னார்.

சுந்தரலிங்கம் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். எத்தனை என்று கேட்டார். யேசுரட்ணம் திரும்பவும் சொன்னார். வருகிற வியாழக்கிழமை அமைச்சர் வருகிறார். சபையின் மொட்டைமாடியில் அன்று உயிரோடிருந்த கலத்துக்கு வயது இருபத்தொன்பது மணித்தியாலம்.

திங்கள் காலை அவர் கழுத்துப்பட்டி கட்டி, சபையின் வாகனத்தில் பொலிஸ் நிலையத்துக்கு வந்தார். அதற்கு முன்பே குண்டுப் பிரிவு நாயைக் கொண்டுவந்திருந்தது. நாய் அரக்கை முகர்ந்து பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது. மெற்றில்டா முதல்நாள் உடுத்த பூசைச் சேலையோடு சுவரோர மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். தலைவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அரக்கு முத்திரையிட்ட பொதியைத்தான் பார்த்தார்.

அவர் கொண்டுவந்த கடிதத்தில் இரண்டு பந்திகள் இருந்தன. மேற்படி கண்ணாடிக் கலம் சபையின் விலைமதிப்பற்ற சொத்து, தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது, அதை உடனே ஒப்படைக்கவேண்டும் என்று முதற்பந்தி. அதனோடு காணப்பட்ட நபர் தற்காலிக ஊழியர், அவருடைய நடத்தைக்குச் சபை எவ்வகையிலும் பொறுப்பல்ல, சட்டம் தன் கடமையைச் செய்வதில் சபைக்கு ஆட்சேபணை இல்லை என்று இரண்டாம் பந்தி.

ராசிக் அதை வாசித்துவிட்டு மெற்றில்டாவை ஒருதரம் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொறுப்பதிகாரி தன் பதிவேட்டைத் திறந்தார். கண்ணாடி ஒன்று, மீற்றர் ஒன்று, புத்தகம் ஒன்று, பெண் ஒருவர் என்று ஒரே வரியில், ஒரே இலக்கத்தில் எழுதியிருந்தது. ஒரு இலக்கத்தில் பாதியை விடுவிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். கண்ணாடி ஆபத்தில்லாததென்றால் ஆளையும் கொண்டுபோங்கள். ஆள் ஆபத்தென்றால் கண்ணாடியும் இங்கேயே இருக்கட்டும். எது என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

சுந்தரலிங்கத்துக்கு வேர்த்தது. பணிப்பாளருக்கு இரண்டு முறை தொலைபேசி எடுத்தார். வியாழக்கிழமை அமைச்சர் வருகிறார் என்றார்; ஒரு குழுவைக் கூட்டி முடிவெடுக்க அவகாசம் கேட்டார். வியாழனுக்குப் பிறகு வாருங்கள் என்றார் பொறுப்பதிகாரி. கடைசியில் பேனையை வாங்கி, ‘அனைத்தையும் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரியின்கீழ் கையெழுத்திட்டார். பத்தொன்பது வருடத்தில் அவர் எதையாவது உறுதிப்படுத்தியது அதுதான் முதல்முறை. பெண் மட்டும் ஆறு மாதத்துக்கு ஞாயிறுதோறும் வந்து கையொப்பமிடவேண்டும் என்று பொறுப்பதிகாரி ஒரு நிபந்தனை சேர்த்தார்.

வாகனத்தில் கலம் முன் ஆசனத்தில் சுந்தரலிங்கத்தின் மடியில் வந்தது. மெற்றில்டாவும் யேசுரட்ணமும் பஸ்ஸில் வீடு போனார்கள். அன்று மத்தியானமே மாடிக்கு ஏறிய கலத்தை, றெஜிஸ்ரரில் அது செத்த கலம் என்பதால், வியாழன்வரை ஒருவரும் திறக்கவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, கலம் நானூற்றித் தொண்ணூற்று நான்கு மணித்தியாலத்தில் இருந்தபோது, அமைச்சரின் மெய்ப்பாதுகாவலர்கள் மாடிக்கு வந்தார்கள். மூடிய பொருள் எதுவும் அமைச்சருக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது என்றார்கள். மெற்றில்டா குறுக்கே போய் நின்றாள். பின்னேரம்வரை விடுங்கள், அதற்குள் ஐந்நூறு ஆகிவிடும் என்றாள். பாதுகாப்பு அதிகாரி அவள் தோளைப் பிடித்து ஒதுக்கினார். முத்திரை பரிசோதனைக் குழு கத்தியை எடுத்தது. விரல் அகலப் பசை இலேசில் விடவில்லை. மூவரும் சேர்ந்து நெம்பினார்கள். கண்ணாடி கிளம்பியபோது பூச்சின் ஒரு மூலையும் கூடவே கிளம்பியது. உள்ளே காற்றுப் போகவில்லை என்று பார்த்து மூவரும் கையெழுத்திட்டார்கள்.

கலம் உடனே சாகவில்லை. பத்து மணிக்கு அமைச்சர் வந்தபோது அதோடு இணைத்திருந்த சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுந்தரலிங்கம் பேசினார். தொடர்ச்சியான பரிசோதனையே நீடித்த உறுதிப்பாட்டின் இரகசியம் என்றும், இந்தச் சபையில் ஒருபொருளும் கண்காணிப்பில்லாமல் ஒருநாளும் இருந்ததில்லை என்றும் சொன்னார். கைதட்டினார்கள். குழுவுக்குக் கேடயம் கிடைத்தது.

எல்லோரும் சாப்பிடப் போனபிறகு மெற்றில்டா தனியே மாடியில் உட்கார்ந்து மீற்றரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. தொண்ணூறு. எண்பத்தாறு. பன்னிரண்டேகாலுக்கு எழுபத்தொன்பது. புத்தகத்தில் நானூற்றித் தொண்ணூற்றெட்டு என்று எழுதினாள்.

மாலையில் சுந்தரலிங்கம் அதைப் பார்த்தார். ஐந்நூறு என்று மாற்றச் சொன்னார்.

“ரெண்டு மணித்தியாலம்தானே, பிள்ளை.”

“ஓம் சேர், ரெண்டுதான். அந்த ரெண்டும் ஓடேல்ல.”

அவர் தன் அறிக்கையில் மாற்றிக்கொண்டார். அவள் தன் புத்தகத்தில் மாற்றவில்லை. அந்த மாத முடிவில் நீடிப்புக் கடிதம் வராது என்று அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாளே அவள் இன்னொரு கலம் செய்தாள். இந்தமுறை பசை ஒன்றரை விரல். முதல் ஞாயிறு கையொப்பம் போடப் போகும்போது மீற்றர் பொருத்தி அதையும் கொண்டுபோனாள். இதைத் தெருவில் கண்டெடுத்தேன், சொந்தக்காரரைத் தெரியாது என்றாள். ராசிக் திடுக்கிட்டுப் பார்த்தார். அவள் பொறுப்பதிகாரியின் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் மெல்லச் சொன்னாள்: “சேர், நீங்கள் முத்திரை வச்சா அதை ஒருத்தரும் உடைக்கமாட்டாங்க.”

பொறுப்பதிகாரி அவளையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். கண்டெடுத்த பொருள் என்றால் சொந்தக்காரர் வரும்வரை ஒரு வருடம் முத்திரையோடு வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். சான்றுப் பொருள் அறை நிரம்பி வழிந்தது. உள்ளே இடமில்லாதவற்றை மேல்மாடித் திறந்த தாழ்வாரத்தில் வைப்பது அங்கே வழக்கம். தாழ்வாரத்துக்கு நாள் முழுவதும் வெயில். எத்தனை மணித்தியாலம் வேண்டும் என்று கேட்டார். ஆயிரம் என்றாள். அரக்கைக் கொண்டுவரச் சொல்லி, வெயில் படுகிற முகத்தை மூடாமல் கலத்தின் ஓரங்களில் மட்டும் முத்திரை வைத்தார்.

ஞாயிறுதோறும் அவள் கீழே கையொப்பம் போட்டுவிட்டு மேலே போய் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தாள். மழைக்காலம் வந்தது. வெளியே இலக்கத்தகடு இல்லாத வெள்ளை வான்கள் ஆட்களை ஏற்றிப் போயின. நிலையத்துக்குள் புதிய புதிய பெண்கள் அதே வாங்கில் வந்து உட்கார்ந்தார்கள். அவள் அவர்களைக் கடந்துதான் மாடிப்படி ஏறவேண்டும். மாடியில் அந்தக் கண்ணாடியையோ அரக்கையோ ஒருவரும் தொடவில்லை.

இருபத்திரண்டாவது ஞாயிறு மீற்றர் ஆயிரத்து மூன்று காட்டியது. மின்சாரம் எண்பத்தெட்டு வீதம். மெற்றில்டா ராசிக்கைக் கூப்பிட்டுக் காட்டினாள். ராசிக் பொறுப்பதிகாரியை அழைத்து வந்தார். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு எண்ணை இரண்டுதரம் வாசித்து, அவளுடைய புத்தகத்தை வாங்கி, ஆயிரத்து மூன்று என்பதற்கு நேரே சாட்சியாகக் கையெழுத்திட்டு, திகதியும் போட்டார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு கீழே இறங்கிவந்து, தன்னுடைய பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அன்றைய ஞாயிறுக்கு நேரே மெற்றில்டா கையொப்பமிட்டாள். அவளுக்கு இன்னும் நான்கு ஞாயிறு மிச்சமிருந்தது.